சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்?

என் வீட்டுக்காரருக்குக் கட்சி சீட்டு கொடுத்துவிட்டது. வார்டு தேர்தலில் அவர்தான் வேட்பாளர். நாளைக்கு மனுத் தாக்கல். மருந்துக் கடையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள், "இனிமே நீங்க எங்க மாத்திரை எடுத்துக் குடுக்கப் போறீங்க, உங்களைப் பாக்கவே நாங்க வரிசையில நிக்கணும்" என்று கேலி பண்ணுகிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். முகம் கழுவப் போனால் கண்ணாடியைப் பார்க்கக் கூசுகிறது. அவ்வளவு வெட்கமாக இருக்கிறது எனக்கு.

இவரை இந்த வட்டாரத்தில் 'மைக்' என்றால்தான் தெரியும். ஒலிபெருக்கி, நாற்காலி, விளக்கு எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை எங்களுடையது. கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் இவருடைய மைக்தான். எல்லாருக்கும் முன்னால் மேடை ஏறுவார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார். இறங்கிவிடுவார். அதற்கப்புறம் யார் யாரோ வந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். இவர் மேடைக்குப் பின்னால் ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஹலோவுக்கு அடுத்த வார்த்தையை ஒருநாளாவது பேசிவிட வேண்டும் என்பதுதான் இவருடைய ஒரே ஆசை. போன தேர்தலிலும் சீட்டு கேட்டார். வெளியிலிருந்து ஒரு பணக்காரரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் நான் பார்த்திருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இவர் கெட்டவர் இல்லை. ஆசை பிடித்தவர், அவ்வளவுதான்.

இந்த முறை இவரோடு போட்டி போட்டது வேறு யாருமில்லை, எங்கள் எதிர் வீட்டுத் தையல் அக்கா.

மாடிப்படி ஏறினால் இடது பக்கக் கதவு எங்களுடையது, வலது பக்கம் அவருடையது. நடுவில் இருக்கிற இடத்தில் இரண்டு வீட்டுச் செருப்புகளும் கலந்து கிடக்கும். அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில்தான். அக்கா தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறார். கடை என்று பேர்தானே தவிர அது ஒரு பஞ்சாயத்து ஆபீஸ். சாக்கடை அடைத்துக்கொண்டால் போன் போடுவது அவர்தான்; அங்கே போனை எடுக்காவிட்டால் நேரில் போய், எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவதும் அவர்தான். கட்சியில் மகளிர் அணி. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும், கூட்டம் முடிந்தால் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்குவதும் இத்தனை வருஷமாக அவர் வேலை. இந்தத் தடவை தைரியமாகச் சீட்டு கேட்டுவிட்டார்.

அவர் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும், அடையாளத்துக்குப் பச்சைத் துணி ஒன்று முடிந்து. எங்கள் வீட்டுச் சாவி அவரிடம் இருக்கும். அந்தச் சாவி இல்லாவிட்டால் என் பெண் இன்றைக்கு இருந்திருப்பாளா என்று தெரியாது. போன வருஷம் ஒருநாள் வயிற்று வலியில் அவள் தனியாகச் சுருண்டு கிடந்தாள். எழுந்து வந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. நான் மருந்துக் கடையில், இவர் ஏதோ கூட்டத்தில். முனகல் கேட்டு, பூட்டைத் திறந்து, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது தையல் அக்காதான். குடல்வால் வெடிக்கிற நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தீர்கள் என்றார் டாக்டர். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா செருப்பில்லாமல் நின்றிருந்தார். அவசரத்தில் யார் செருப்பையோ ஒற்றைக்காலில் மாட்டிக்கொண்டு போய், அதையும் வழியில் விட்டுவிட்டாராம். "உன் பொண்ணு கனம்டி, கொஞ்சம் கம்மியா போடு சோறு" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

இனி கேள்விக்கு வருகிறேன்.

போன தேர்தலில் எங்கள் கட்சி இந்த வார்டில் மண்ணைக் கவ்வியது. வீடு வீடாகப் போய், யாருக்கு ஓட்டு என்று கேட்டிருந்தார்கள். எல்லாரும் "உங்களுக்குத்தான், இதுகூடவா கேக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் நம் ஆட்களே நமக்குப் போடவில்லை. அதனால் இந்த முறை மேலிடத்திலிருந்து ஒரு பார்வையாளரை அனுப்பினார்கள். ஒல்லியாக, தோளில் ஒரு பையோடு, காலேஜ் வாத்தியார் மாதிரி இருப்பார். அவர் ஓட்டைப் பற்றியே பேச மாட்டாராம். கேட்பது ஒரே கேள்வி. என் வீட்டுக்காரருடைய ஒன்றுவிட்ட தம்பி தலைமை அலுவலகத்தில் டிரைவர். அவன்தான் போனில் கக்கினான்.

"அண்ணே, குடும்பத்தோட வெளியூர் போனா, வீட்டுச் சாவியை இந்த வார்டுல யாரை நம்பிக் குடுப்பீங்கன்னு கேப்பாரு. யார் பேரு நெறைய வருதோ அவங்கதான் ஜெயிக்கிற ஆளுன்னு எழுதிக் குடுத்துருவாரு. போன தடவை மூணு ஊர்ல சரியா சொன்னாரு. அவர் சொன்னா மேலிடத்துல மறுபேச்சு இல்ல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர், போனை வைத்துவிட்டு, கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு யாரு சாவி குடுப்பாங்க?" என்றார்.

அதுதான் இந்தக் கதையில் இவர் பேசிய ஒரே நிஜம். கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

"எல்லாரும் தையல் பெரியம்மாகிட்டதான் குடுப்பாங்க" என்றாள் என் மகள். பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற பெண், வாய் சும்மா இருக்காது.

"நீ சாப்பிட்டுட்டு எழுந்து போய்ப் படி" என்றார் இவர்.

மறுநாளே கிளம்பிவிட்டார். சாயங்காலம் ஆனால் வீடு வீடாக ஏறுவார். "ஒரு ஆள் வந்து சாவின்னு கேப்பாரு. 'கண்ணை மூடிக்கிட்டு மைக் அண்ணன்கிட்ட குடுப்போம்'னு சொல்லிடுங்க, போதும். உங்க வீட்டு விசேஷத்துக்கு மைக் செட் நம்ம பொறுப்பு." இந்த மனுஷனுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. ஒயர் இழுத்தால் கடைசி வரைக்கும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் வருவார். இதையும் அப்படியே செய்தார். எல்லாருக்கும் ஒரே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். சொல்ல வைத்து, காதால் கேட்டு, சரி பார்த்துவிட்டு வந்தார். குழந்தைகள் அதைத் தெருவில் பாட்டாகப் பாடிக்கொண்டு ஓடின.

மருந்துக் கடையில் எனக்கு மானம் போயிற்று. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிற பெரியவர் ஒருவர், வாடகை அறையில் தனியாக இருப்பவர், மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, எனக்கு வீடே இல்ல, பொட்டிதான் இருக்கு. பொட்டிச் சாவின்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?" பக்கத்தில் நின்ற சலூன்காரர், "கண்ணை மூடிக்கிட்டா அண்ணி, தொறந்துக்கிட்டா? எனக்கு மறந்து போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஷெல்பில் இருந்த மருந்தை எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? சொல்லிக் கொடுத்தவர் என் புருஷன்.

"அவங்ககிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத" என்று இவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் விடவில்லை. கடையில் கிழிசல் தைக்கக் கொடுத்தவர்கள்கூட யாரும் தையல் அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. குழந்தைகள் பாடியது அவர் காதில் விழுந்திருந்தாலும் ஏதோ தேர்தல் பாட்டு என்றுதான் நினைத்திருப்பார். தினமும் வேலை முடிந்து வந்து என் அடுக்களை வாசலில் நின்று அவர் பேசிக்கொண்டிருப்பார்.

"நேர்காணல்ல என்னடி கேப்பாங்க? நான் படிச்சது கொஞ்சம். இங்கிலீஷ்ல கேட்டா முழிப்பேன்."

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க அக்கா."

"உங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும்னு ஆயிடுச்சு. உனக்கு வருத்தமா? நெஜத்தைச் சொல்லு."

"சேச்சே."

"எனக்குக் கெடைக்கலைன்னா அவருக்குக் கெடைக்கட்டும். வெளியாளு வந்தாத்தான் வயிறு எரியும். ஆனா எனக்குக் கெடைச்சா நல்லா இருக்கும்டி. நெஜமாவே நல்லா இருக்கும்." சொல்லிவிட்டு, பேராசைப்பட்டுவிட்டது போல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன். ஒரு வார்த்தை, 'அக்கா, சாவின்னு கேப்பாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட வேண்டாம், அவர் உஷாராக இருந்திருப்பார். சொல்லவில்லை.

பார்வையாளர் வந்து வார்டைச் சுற்ற ஆரம்பித்தார். போகிற வீட்டில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மைக் அண்ணன். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கும்பிடு போட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானம் எனக்கு விடுமுறை. இவர் ஒரு வேலையாக வெளியே போயிருந்தார். மகள் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அந்த ஒல்லி மனுஷர், வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்.

"உள்ள வரலாங்களா? கொஞ்சம் தண்ணி வேணும்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். படிப்பு, பெண், வேலை என்று ஊர்க்கதை பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க, வீட்டுக்காரர், பொண்ணு எல்லாருமா வெளியூர் போறீங்கன்னு வைங்க. வீட்டுச் சாவியை யார்கிட்ட குடுப்பீங்க?"

கேள்வி எனக்குத் தெரியும். வார்டுக்கே தெரியும். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வரும் என்று இவர் யோசிக்கவே இல்லை. ஊர் பூராவும் சொல்லிக்கொடுத்தவர், பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். என் சொந்த வீட்டுச் சாவியை என் புருஷனிடம் கொடுப்பேன் என்று நான் எப்படிச் சொல்வது? அவரும்தானே கூட வருகிறார்!

பதில் நாக்கு நுனியில் இருந்தது. எதிர் வீட்டு அக்காகிட்ட. யோசிக்கவே வேண்டாத பதில். இப்போதுகூட எங்கள் சாவி அங்கேதான் இருக்கிறது. என் கண் ஆணியில் தொங்குகிற பச்சைத் துணிச் சாவிக்குப் போயிற்று. எழுந்து அதற்கு முன்னால் நின்றுகொண்டேன். டம்ளரை எடுக்கிற சாக்கில்.

அந்த நேரத்தில் என் மனசுக்குள் வந்தது தையல் அக்காவின் முகம் இல்லை. சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, இவருடைய முதுகுதான் வந்தது.

"நாங்க எங்கங்க போறோம்" என்றேன். "அப்படியே போனாலும் பூட்டிக் கையோட எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்."

"எதிர் வீட்ல கூடவா குடுக்க மாட்டீங்க?"

"இல்லைங்க." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எந்தச் சனியன் நாக்கில் உட்கார்ந்ததோ, "இந்தக் காலத்துல யாரை நம்புறது?" என்றும் சொன்னேன்.

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு "அதுவும் சரிதான்" என்று எழுந்துகொண்டார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் என் கதவைச் சாத்திவிட்டேன்.

திரும்பினால் உள் அறை வாசலில் மகள் நிற்கிறாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"அப்பாவுக்காகடி."

"பெரியம்மா இல்லைன்னா நான் செத்திருப்பேன்ம்மா."

"தெரியும். வாயை மூடு, கேக்கப் போகுது" என்றேன். அவள் வாயை மூடினாள். அன்றையிலிருந்து என்னிடம் பசிக்கிறது, கதவைச் சாத்து, இவ்வளவுதான் பேசுகிறாள்.

இரண்டொரு நாளில் கட்சி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். வேட்பாளர் குடும்பத்தோடு வர வேண்டும் என்றார்கள், போட்டோ எடுப்பார்களாம். மகள் தலைவலி என்று சொல்லிவிட்டாள். நானும் இவரும் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் வட்டச் செயலாளர், பக்கத்தில் பார்வையாளர். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். விட்டால் எழுந்து மைக் டெஸ்டிங் சொல்லிவிடுவார் போல இருந்தது.

பார்வையாளர் இவரைப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு மைக் அண்ணன்கிட்ட குடுப்போம். இதைத்தானே சொல்லிக் குடுத்தீங்க?"

இவர் முகம் செத்துப் போயிற்று.

"ரெண்டாவது வீட்டுலயே புரிஞ்சிடுச்சு. பொட்டியை வெச்சுக்கிட்டு இருக்குற பெரியவர்கூட கண்ணை மூடிக்கிட்டேன்னாரு. அதை எல்லாம் குப்பையில போட்டுட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருத்தர் சொல்லிக் குடுத்துத்தான் வெச்சிருப்பாரு. அதனாலதான் நான் கடைசியா, போட்டி போடுறவங்க வீட்டுக்கே போய்க் கேப்பேன். எதிராளி வாயிலேர்ந்து வர்ற பேருதான் பேரு. அதை யாரும் சொல்லிக் குடுக்க முடியாது."

நான் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"தையல்கார அம்மாகிட்ட போனேன். சாவி யார்கிட்ட குடுப்பீங்கன்னு கேட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. 'எதிர் வீட்லதான். இப்பவே அங்க ஒண்ணு தொங்குது, பச்சைத் துணி கட்டியிருக்கும், பாருங்க'ன்னாங்க. அவர்தானே உங்களுக்குப் போட்டின்னேன். 'அது சீட்டுக்கு, சாவிக்கு என்ன'ன்னாங்க. அந்தச் சாவியை உங்க வீட்டு ஆணியில நானும் பாத்திருந்தேன். அது உண்மை."

வட்டச் செயலாளர் தலையாட்டினார். பார்வையாளர் என் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா யாரையும் நம்ப மாட்டேன்னு சொன்னாங்க. உங்க வீட்ல அந்தம்மா பேரு வந்திருந்தா, ரெண்டு பேரும் சமம்னு ஆயிருக்கும். சமம்னு வந்தா நான் அந்தம்மாவைத்தான் நிறுத்தியிருப்பேன். அவங்க உழைப்பு ஊருக்கே தெரியுது. ஆனா பேரு வரலையே. எதிராளியே நம்புற ஆள் நீங்க ஒருத்தர்தான். எழுதிக் குடுத்துட்டேன்." பிறகு ஏதோ நகைச்சுவை சொல்வதுபோல, "எல்லாரும் நம்புற வீடு, யாரையும் நம்பாத வீடு. அரசியலுக்கு நல்லது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். போட்டோக்காரர், "அம்மா, நீங்களும் கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன். அந்தப் போட்டோ நோட்டீஸில் வந்திருக்கிறது. அதில் நான் நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி இருக்கிறேன்.

வாயைத் திறந்து, 'இல்லைங்க, எங்க சாவியும் அவங்ககிட்டதான் இருக்கு, நான் பொய் சொன்னேன்' என்று சொல்ல எனக்கு அங்கே நேரம் இருந்தது. போட்டோ எடுக்கிற நேரம், தண்ணீர் கொடுக்கிற நேரம், கை குலுக்குகிற நேரம், எல்லாம் இருந்தது. இவர் மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் அவ்வளவு நன்றி. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை. உதறவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கூட்டரில் திரும்பி வந்தோம்.

"நல்ல வேளை, சமாளிச்சுட்ட" என்றார்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"நம்ம சாவி அவங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா."

"திருப்பி வாங்கிடலாமா? அந்த ஆள் மறுபடியும் வந்து கேட்டு வெச்சா?" கொஞ்சம் யோசித்தார். "வேணாம், இப்பப் போய் வாங்கினா சந்தேகம் வரும். இருக்கட்டும்."

"என்னங்க, அசிங்கமா இல்லையா நமக்கு?" என்றேன்.

சிக்னலில் வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே, "இருக்கு" என்றார். "ஜெயிச்சுட்டு அவங்களுக்கு ஏதாவது நல்லது பண்ணிடலாம்." விளக்கு மாறியது. வண்டியை எடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் மேடையில் என்ன பேசலாம் என்று என்னிடம் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே படியேறியிருந்தது. கீழே பட்டாசு மாதிரி ஏதோ வெடித்தார்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இவர் அவர்களோடு கடைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் நானும் மகளும் மட்டும். எதிர்க் கதவு சாத்தியே இருந்தது. அது சாத்தியே இருக்கட்டும் என்று நினைத்தேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் திறக்காமல் இருந்தால் போதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோழை மாதிரி வேண்டிக்கொண்டிருந்தேன்.

திறந்தது.

தையல் அக்கா முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்திருந்தார். கண் ரெண்டும் சிவந்திருந்தது. அழுதுவிட்டுக் கழுவியிருக்கிறார். கையில் ஒரு சட்டை, இவருக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை.

"மனுத் தாக்கலுக்குப் போட்டுக்கச் சொல்லு. அளவு எனக்கு மனப்பாடம். எனக்கே கெடைச்சிருந்தாலும் இந்தச் சட்டைத் துணியில எனக்கு எதுவும் தைக்க முடியாது, அதனால நஷ்டம் இல்ல" என்று சிரித்தார்.

"அக்கா..."

"விடுடி. மனுத் தாக்கல் அன்னிக்கு நான்தான் முன்னால நிப்பேன், மகளிர் அணி பூரா கூட்டிட்டு வர்றேன். நாலு நாளா தொண்டை கட்டிக் கெடக்கு, கோஷம் போட வரணும்னு வெந்நீரா குடிச்சிட்டிருக்கேன்." சட்டையை மேஜையில் வைத்தார். மடிப்பைச் சரி செய்தார். கிளம்புகிற மாதிரித் திரும்பினார். பிறகு நின்றார்.

"அந்த ஆளு உங்க வீட்டுக்கு வந்துட்டுத்தானே என் வீட்டுக்கு வந்தாரு? சாவியை யார்கிட்ட குடுப்பீங்கன்னு கேட்டாரு. உன்கிட்டயும் அதைத்தான் கேட்டாரா?"

"ஆமா அக்கா."

"எனக்கு இப்பத்தான் ஒருத்தி வந்து சொன்னா, மைக் வீடு வீடா சொல்லிக் குடுத்தாராமே. எல்லாரும் அவர் பேரையே சொன்னாங்களாமே." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அது போகட்டும். ஊர்க்காரங்க சொல்லாட்டி எனக்கு ஒண்ணும் இல்ல, ஓசியில மைக் செட் கெடைச்சா நானே சொல்லியிருப்பேன். நீ என்னடி சொன்ன?"

மகள் உள் அறை வாசலில் வந்து நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. அம்மா இப்போது சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை. எனக்கும் இருந்தது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"உங்க பேரைத்தான் சொன்னேன் அக்கா" என்றேன்.

தையல் அக்கா கிட்டே வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கழுவிய கண் மறுபடியும் நிறைந்து வழிந்தது.

"எனக்கு அது போதும்டி" என்றார். "நீ ஒருத்தியாவது சொன்னியே. போதும்."

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா என் கையை விடாமல் நின்றுகொண்டிருந்தார். நானும் அவரைத் தேற்றிக்கொண்டு நின்றேன்.